சிட்டகாங் பங்காளி

துபாய்க்குப் பக்கத்து அஜ்மானில் நான் வந்து இறங்கிய அன்று லிஃப்ட் வேலை செய்யவில்லை. ரூம் நாலாவது மாடி. ஊரிலிருந்து கொண்டுவந்த பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு படியேறினேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் மேலிருந்து லுங்கி கட்டிய ஒருவர் இறங்கி வந்தார். ஒல்லி. மருதாணி போட்டுச் சிவந்த தாடி. தாண்டிப் போவார் என்று சுவரோரமாக ஒதுங்கினேன். அவர் தாண்டவில்லை. என் பெட்டியில் கை வைத்தார்.

"யோவ்! வுடுய்யா!" என்று கத்தினேன். போகிற இடத்தில் பெட்டி பத்திரம் என்று ஊரில் எல்லோரும் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அவர் விடவில்லை. பெட்டியின் ஒரு முனையைத் தன் தலைக்கு மாற்றிக்கொண்டு, "ஆதா மேரா" என்றார். எனக்கு அப்போது ஹிந்தி தெரியாது. பாதி என்னுடையது என்று அர்த்தமாம். அன்று தெரிந்திருந்தால் இன்னும் சத்தமாகக் கத்தியிருப்பேன்.

நாலாவது மாடியில் பெட்டியை இறக்கி வைத்தார். திரும்பவும் படியிறங்கிப் போனார். டீத்தூள் வாங்கப் போனவராம். ரூமில் காதர் அண்ணன் இருந்தார். கீழக்கரைப் பக்கத்துக்காரர், எங்கள் கம்பெனி டைல்ஸ் குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்.

"யாருண்ணே அது?" என்று கேட்டேன்.

"அதுவா? நம்ம பங்காளி."

"உங்க சொந்தமா?"

"எனக்கும் பங்காளி, உனக்கும் பங்காளி. பங்களாதேஷ்காரங்க எல்லாருமே இங்க பங்காளிதான்ப்பா. பெங்காலின்னு சொல்ல நம்ம வாய்க்கு வரல, பங்காளி ஆக்கிட்டோம்."

அவருக்குப் பெயர் இருந்தது. ஆஸ்பத்திரிப் பேப்பரில் கடைசியாகப் பார்த்தேன். அதை அவர் வீட்டார் கூப்பிட்டுக்கொள்ளட்டும். நாங்கள் கூப்பிட்டது பங்காளி என்றுதான், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். அவர் இறந்து இன்றைக்குப் பதினைந்தாவது நாள். இந்தப் பதினைந்து நாளுக்குள் என் தங்கைக்குக் கல்யாணமும் நடந்தது. அந்தக் கல்யாணம் நிற்காமல் இருப்பதற்காக, அவர் எனக்கு யாருமில்லை என்று என் வாயால் சொல்ல வேண்டி வந்தது. அது எப்படி வந்தது என்றால் யாருக்கும் சிரிப்பு வரும். எனக்கும் முன்பெல்லாம் சிரிப்புத்தான் வந்தது.

யாராவது எதையாவது தூக்கிக்கொண்டு நின்றால் அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அவ்வளவுதான் அவர். மற்றதெல்லாம் அதிலிருந்து வந்ததுதான்.

மூன்றாவது மாடியில் ஒரு பாகிஸ்தான் பட்டாணிக் குடும்பம் ஃப்ரிட்ஜ் ஏற்றினால் இவர் கை அடியில் இருக்கும். பள்ளிவாசலுக்குப் போகிற வழியில் யாரோ மெத்தையை இழுத்துக்கொண்டு போனால் தொழுகைக்குப் பிந்திப் போவார். எங்கள் குடோனுக்குப் பக்கத்துக் குடோன் வேறு கம்பெனி. அங்கே லாரி வந்து நின்றால், நம் ஆள் நம் வேலையை வைத்துவிட்டு அங்கே போய் நிற்பார். சூப்பர்வைசர் வாசலிலிருந்து, இது உன் டியூட்டி இல்லை என்று கத்துவார்.

"யே தும்ஹாரா டியூட்டி நஹி ஹை!"

"ஜீ சார், ஜீ சார்" என்பார் இவர். சொல்லும்போது கை இரண்டும் பக்கத்துக் கம்பெனி அட்டைப் பெட்டியில் இருக்கும். ஒரு தடவை மெமோ கொடுத்தார்கள். நாலாக மடித்துத் தன் கட்டிலின் குட்டைக்காலுக்கு அடியில் வைத்தார். கட்டில் ஆட்டம் நின்றது.

எல்லோருக்கும் இது பிடிக்கும் என்று சொல்ல முடியாது. ஒருநாள் சூப்பர் மார்க்கெட் வாசலில் ஒரு பெண் இடுப்பில் குழந்தையும் கையில் அரிசிப் பையுமாக டாக்ஸிக்கு நின்றுகொண்டிருந்தாள். இவர் போய் அரிசிப் பையில் கை வைத்தார். அவள் போட்ட கூச்சலில் செக்யூரிட்டி ஓடி வந்தான். இவர் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டிக்கொண்டே பின்னால் நகர்ந்து வந்தார். எனக்கு மானம் போனது. ரோட்டைத் தாண்டும்வரை திட்டிக்கொண்டே வந்தேன்.

"பயந்திட்டா பாவம்" என்றார். எங்களோடு இருந்து இருந்து ஒருமாதிரி தமிழ் வந்திருந்தது அவருக்கு. "கொழந்தே கீழே வுழுந்தா?"

"வுழுந்தா அவ பாத்துப்பா. உனக்கு என்னா?"

அடுத்த வாரம் அதே வாசலில் ஒரு கிழவரின் தண்ணீர் கேனில் கை வைத்தார்.

ஆனால் அவர் சுமையில் யாரையும் கை வைக்க விடமாட்டார். இருபது லிட்டர் கேனை அவர் தோளில் வைத்து ஏறும்போது நான் பின்னால் போய், "ஆதா மேரா" என்று பிடிப்பேன். தோளைச் சட்டென்று திருப்பிக்கொள்வார். "தேரா நஹி." உன்னுடையது இல்லை. சிரிக்காமல் சொல்வார்.

எடை உள்ள பொருளாக இருந்தால்தான் அவருக்குப் புரியும். மனக்கஷ்டம் என்று சொன்னால் விழிப்பார். நான் வந்த முதல் தீபாவளிக்குக் கட்டிலில் குப்புறப் படுத்து அழுதேன். எதிர்க் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். எழுந்தார். உட்கார்ந்தார். எதைத் தூக்குவது என்று தெரியாத ஆள் மாதிரி ரூமைச் சுற்றிப் பார்த்தார். கடைசியில் என்னுடைய அழுக்குத் துணி வாளியைத் தூக்கிக்கொண்டு பாத்ரூமுக்குப் போய்விட்டார்.

சிட்டகாங் அவர் ஊர். கடலிலிருந்து கொஞ்சம் உள்ளே ஆற்றங்கரையில் இருக்கிற துறைமுகம். நான் அந்த ஊரைப் பார்த்ததில்லை. ஆனால் அங்கே தண்ணீர் எப்போது ஏறும், எப்போது வடியும் என்று எனக்குத் தெரியும். தினமும் அவர் சொல்வார். பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டிருப்போம். திடீரென்று, "தம்பி, இப்போ நம்ம ஊரு தண்ணி மேலே" என்பார். தண்ணீர் ஏறினால்தான் பெரிய கப்பல் ஆற்றுக்குள் வர முடியுமாம். ஏறுகிற நேரம் தினமும் தள்ளித் தள்ளிப் போகுமாம். அதனால் மூட்டை தூக்குகிறவனுக்குச் சோற்று நேரம் என்று ஒன்று கிடையாது, தண்ணீர் வடிந்தால் சோறு. இங்கே பன்னிரண்டு மணிக்குச் சைரன் அடித்துச் சோறு போட்டதில் அவருக்குக் கடைசிவரை ஒரு வெட்கம் இருந்தது.

அவர் வீட்டு வாசற்கதவு ஒரு கப்பலின் கேபின் கதவு. ஃபோனில் படம் காட்டினார். வட்டக் கண்ணாடி, மேலே ஏதோ நாட்டு எழுத்து, கீழே நூற்றுப் பதினாலு என்று நம்பர். பழைய கப்பல்களைக் கரையில் ஏற்றி உடைக்கிற இடம் அந்த ஊர்ப் பக்கத்தில் இருக்கிறது. உடைத்த கப்பலின் கதவு, கட்டில், தட்டு, குழாய் எல்லாம் ரோட்டோரக் கடைகளில் விற்கும். "நம்ம பொண்டாட்டி தினம் கப்பல் ஏறுது, எறங்குது" என்பார். நாங்கள் டீக்குத் தொட்டுக்கொள்கிற பிஸ்கட் எதுவும் அவருக்கு ஆகாது. ஊரிலிருந்து யாராவது வந்தால் பேலா என்று கல் மாதிரி ஒரு பிஸ்கட் வரும். டீயில் அதை முக்கி, மனதுக்குள் எண்ணிக்கொண்டு, சரியான நேரத்துக்கு எடுப்பார்.

அந்தக் கப்பல் உடைக்கிற இடத்தில் அவர் ஏழு வருஷம் இருந்திருக்கிறார். இரும்புத் தகட்டைப் பன்னிரண்டு பேர் தோளில் வைத்து சேற்றில் நடப்பார்களாம். ஒருவன் பாட்டுச் சொல்வான், மற்றவர்கள் அந்தப் பாட்டுக்குக் கால் எடுத்து வைப்பார்கள். ஒருவன் தோளை எடுத்தால் பதினொரு பேரும் காலி. "ஒரு ஆள் எடுத்தான்" என்று ஒரு தடவை சொன்னார். யார், எப்போது என்று சொல்லவில்லை. டீ கிளாஸைக் கழுவப் போய்விட்டார். அந்த ஆள் இவரேதானா என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. கேட்டதில்லை.

இங்கே எல்லோரும் எதற்கெடுத்தாலும் கலாஸ் என்பார்கள். வேலை முடிந்தால் கலாஸ், சோறு தீர்ந்தால் கலாஸ், ஆளை வேலையை விட்டுத் தூக்கினாலும் கலாஸ். அதைக் கேட்டால் இவர் தலையாட்டுவார். "நம்ம போர்ட்ல கலாஸ் அப்படி இல்லே. கப்பல் வெளியே கடல்ல நிக்குது, பத்து நாள், இருபது நாள். அப்புறம் உள்ளே வருது. மூட்டை எல்லாம் கீழே எறக்குது. அது கலாஸ். எல்லாரும் சந்தோஷம்." அவர் ஊரில் அந்த வார்த்தைக்குச் சுமையை இறக்குவது என்று அர்த்தம். எனக்கு என்னவோ அந்த அர்த்தம்தான் சரியாகப் பட்டது.

இனி அம்மாவிடம் வருகிறேன்.

வந்த இரண்டாவது வாரம் ஃபோனில் அம்மா கேட்டது. "சாப்ட்டியாடா? யார்ரா ஆக்கிப் போடறது?"

"பங்காளி ஆக்கினாரும்மா."

"பங்காளியா? அங்க நமக்கு ஏதுடா பங்காளி? எந்த ஊரு?"

"சிட்டகாங்மா."

லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

"சிட்டகாங்கா? நெசமாவா சொல்ற?"

கீழே கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. "ஆமாம்மா, ஆமா" என்று வைத்துவிட்டு ஓடினேன். அந்த இரண்டு ஆமாதான் நான் செய்த தப்பு.

கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் எங்கள் ஊர். எங்கள் வகையறாவில் ஒரு கதை உண்டு. என் கொள்ளுத்தாத்தாவின் தம்பி ரங்கூனுக்குப் பிழைக்கப் போனவர். யுத்தத்தில் குண்டு விழுந்தபோது எல்லோரும் நடந்தே ஊர் திரும்பினார்கள். அவரோடு நடந்து வந்து சேர்ந்த ஒருவர் சொன்ன தகவல், சிட்டகாங் வரைக்கும் உங்க ஆள் எங்கூட இருந்தார், அப்புறம் கூட்டத்தில் காணோம் என்பது. அதோடு சரி. எங்கள் வீட்டில் யாரும் சிட்டகாங்கை வரைபடத்தில்கூடப் பார்த்ததில்லை. ஆனால் சிட்டகாங் என்றால் ரங்கூன் தாத்தா தொலைந்த ஊர் என்று குழந்தைக்கும் தெரியும்.

அடுத்த தடவை நான் ஃபோன் செய்வதற்குள் ஊர் முழுவதும் சேதி போயிருந்தது. ரங்கூன் தாத்தா வம்சம் அழியவில்லை, துபாயில் எம் புள்ள கண்டுபுடிச்சிட்டான். அம்மா அழுதது. "நீ அங்க ஒண்டியாக் கெடக்கறியேன்னு எனக்கு ராவெல்லாம் தூக்கமில்லடா. இப்ப நிம்மதியா இருக்குது. தாய் வூட்டு ஒறவவிடப் பங்காளி ஒசத்திடா."

இதைச் சொல்கிற அம்மாதான், என் சொந்தப் பெரியப்பாவோடு வரப்புத் தகராறில் பத்து வருஷமாகப் பேசாமல் இருப்பது. அப்பா செத்தபோது பெரியப்பா வாசல் வரைக்கும் வந்தார். பாடைக்குத் தோள் கொடுக்காமல் வேப்பமரத்தடியில் நின்றார்.

அம்மாவுக்குத் தூக்கம் வருகிறது என்றால் வரட்டும் என்று விட்டுவிட்டேன். நாளைக்குச் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம் என்று மூன்று வருஷம் போய்விட்டது.

பங்காளியிடம் விஷயத்தைச் சொன்னேன். பங்காளி என்றால் எங்கள் பாஷையில் என்ன என்று காதர் அண்ணன் விளக்கினார். பங்கு உள்ளவன். சொத்திலும் பங்கு, சாவிலும் பங்கு. ஒருவன் வீட்டில் இழவு விழுந்தால் மற்றவன் வீட்டிலும் தீட்டு. பங்காளி சிரித்தார், இருமல் வந்து தண்ணீர் குடிக்கும்வரை சிரித்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார், அவருடைய தாத்தா ஆற்றில் சம்பான் படகு ஓட்டினவராம். ரங்கூனிலிருந்து நடந்து வந்தவர்களை ஏற்றி அக்கரைக்கு விட்டிருக்கிறாராம். கால் வீங்கிப்போய், செருப்பு இல்லாமல், மதராஸிகள் நிறையப் பேர். "ஒன் தாத்தா வந்திருக்கும். நம்ம தாத்தா சும்மா ஏத்தியிருக்கும்."

உண்மையா, என் சந்தோஷத்துக்குச் சொன்னாரா தெரியாது. கேட்டுக்கொண்டேன்.

அதிலிருந்து அவர் இதையும் ஒரு சுமை மாதிரி ஏற்றுக்கொண்டார். ஊரிலிருந்து ஆள் வந்து அம்மா கொடுத்தனுப்பிய அதிரசம் வந்தால், சரியாகப் பாதி எண்ணித் தன் டப்பாவில் போட்டுக்கொள்வார். அவர் ஊர்க் கருவாட்டை ஏழு கவர் சுற்றி அம்மாவுக்கு அனுப்பினார். "நம்ம ஊர் ருசியே இருக்குதுடா. ரத்தம் எங்க போவும்?" என்றது அம்மா. ஒருநாள் ஸ்பீக்கரில் போட்டுப் பேசவைத்தேன்.

"நல்லா இருக்கியா தம்பி?" என்று கேட்டது அம்மா.

"நல்லா இருக்கு அம்மா! சாப்பாடு? மாடு நல்லா?"

வைத்த பிறகு அம்மா என்னிடம் சொன்னது: "பேச்சு கொஞ்சம் ஒருமாதிரி ஆயிடுச்சு. எத்தினி தலமொற ஆச்சு, ஆவாதா? ஆனா கொரலு உங்கப்பா வகையறா கொரலுடா."

காதர் அண்ணன் கட்டிலில் புரண்டு புரண்டு சிரித்தார்.

அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போன அன்று லீவு நாள். ஐந்தாவது மாடியில் யாரோ புதிதாகக் குடிவந்தார்கள். பங்காளி காலையிலிருந்து அவர்களுடைய சாமான்களோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். பதினொரு மணிக்கு மூன்றாவது மாடிப் படியில் உட்கார்ந்திருந்தார். நான் தண்ணீர் பாட்டில் கொண்டுபோனேன். வாங்கவில்லை. நெஞ்சில் கை. சட்டை முழுக்க நனைந்திருந்தது.

லிஃப்ட்டில் அன்றைக்கும் ரிப்பேர் என்று பேப்பர் ஒட்டியிருந்தது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்காரவைத்து, நானும் காதர் அண்ணனும் இன்னும் இரண்டு பேருமாகத் தூக்கினோம். ஒரு திருப்பம் இறங்குவதற்குள் அவர் கேட்டார், "பாரி ஹை?" கனமாக இருக்கிறதா என்று.

"இல்ல பங்காளி. பேசாத வா."

"ரக் தோ, தம்பி. கீழே வை."

இறங்கும்போது நாற்காலி திடீர் திடீரென்று லேசானது. எனக்குப் புரியவில்லை. குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு படியிலும் அவர் தன் காலை ஊன்றிக்கொண்டிருந்தார்.

"காலத் தூக்குங்க பாய்! காலத் தூக்கும்!" என்று காதர் அண்ணன் கத்தினார். அவர் கேட்கவில்லை. கீழ்த்தளம் வரை ஊன்றிக்கொண்டேதான் வந்தார்.

மறுநாள் மத்தியானம் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். குடோனில் காதர் அண்ணனுக்கு ஃபோன் வந்தது. ஃபோர்க்லிஃப்ட்டை அணைத்துவிட்டு இறங்கி வந்து, "பங்காளி மவுத்தாயிட்டாருப்பா" என்றார். பங்காளியின் மனைவியிடமும் மகளிடமும் காதர் அண்ணனும் இன்னொரு பங்களாதேஷ்காரரும் ஃபோனில் பேசினார்கள். நான் பக்கத்தில்கூட நிற்கவில்லை, வெளியே போய்விட்டேன். ரூமுக்குப் போய் ஷவரைத் திறந்து தலையோடு நின்றேன். ஏன் நின்றேன் என்று அப்போது யோசிக்கவில்லை. கால் அங்கே போனது. அப்புறம் அம்மாவுக்கு ஃபோன் செய்தேன். அது என்ன மணி, அங்கே என்ன நடந்துகொண்டிருக்கும், எதுவும் மண்டையில் இல்லை.

"அம்மா, பங்காளி போயிட்டாரும்மா" என்றேன்.

அம்மா போட்ட ஓலம் காதில் விழுந்தது. தொடர்ந்து குடம் உருளுகிற சத்தம், தண்ணீர் ஊற்றுகிற சத்தம். அங்கேயும் தலைமுழுகல்.

கொஞ்ச நேரத்தில் தங்கை கூப்பிட்டாள். அவள் குரல் சின்னதாக இருந்தது. "அண்ணே, நாளைக்குப் பந்தக்கால் நட இருந்துச்சு. அம்மா வாணாம்னுடுச்சு. பங்காளி வூட்டு சாவு, பதினாறு போவணுமாம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. பதினாறுக்குள் வருகிறது.

தங்கைக்கு இதற்கு முன்னால் ஒரு இடம் நிச்சயமாகியிருந்தது. நிச்சயமான பத்தாம் நாள் அப்பா இறந்தார். சகுனம் சரியில்லை என்று அவர்கள் தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இப்போது மறுபடி ஒரு சாவு, மறுபடி தள்ளிப்போனால், பெண்ணுக்கே ராசி இல்லை என்று ஊர் ஒரு பெயர் வைத்துவிடும். மாப்பிள்ளை வீட்டில் கேட்டும்விட்டார்களாம், அது எத்தனையாவது தலைமுறைப் பங்காளி, நெசமாவே பங்காளிதானா, உங்க பையனைத் தெளிவாகச் சொல்லச் சொல்லுங்க என்று.

மறுநாள் காலை டியூட்டிக்கு முன்னால் படிக்கட்டில் நின்றுகொண்டு அம்மாவைக் கூப்பிட்டேன்.

"அம்மா, அவுரு நம்ம பங்காளி இல்லம்மா."

"என்னாடா ஒளற?"

"இங்க பங்களாதேஷ்காரங்க எல்லாரையும் அப்படித்தாம்மா கூப்புடுவாங்க. பெங்காலிதான் பங்காளி ஆயிடுச்சு. வெறும் பேரும்மா."

"சிட்டகாங்குன்னியே?"

"சிட்டகாங்குதான். ஆனா அவுரு பாய்மா. முஸ்லிம்."

"போன எடத்துல மாறியிருப்பாங்க. பசிக்கு எவன் சோறு போட்டானோ அவன் சாமியக் கும்புட்டிருப்பாங்க. அதுக்காவ ஒறவு அத்துப்பூடுமா?"

"இல்லம்மா. அவங்க தாத்தா அந்த ஊரு படகுக்காரரு. நம்மளுக்கும் அவங்களுக்கும் ஒண்ணுமில்ல. நான்தான் சொல்லாம வுட்டுட்டேன். கண்ணாலத்த நிறுத்தாதம்மா."

அம்மா மூச்சு விடுவது கேட்டது.

"சம்பந்தி வூட்ல நான் சத்தியம் பண்ற மாதிரி சொல்லணும்டா. நீ உன் வாயால ஒரு வார்த்த சொல்லு. அவுரு நமக்கு யாரு?"

"யாருமில்லம்மா" என்றேன்.

படியில் வேலைக்குப் போகிறவர்கள் என்னை இடித்துக்கொண்டு இறங்கினார்கள்.

"சரி. பந்தக்கால நட்டுடறேன்" என்றது அம்மா. வைத்துவிடும் என்று நினைத்தேன். வைக்கவில்லை. "நீ தலமுழுவுனியா?"

"முழுவுனேன்."

"யாருமில்லாதவருக்கு எதுக்குடா தலமுழுவுன?"

இறங்குகிறவர்களுக்கு வழிவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றேன். அம்மாவே தொடர்ந்தது.

"இங்க நான் இல்லன்னு சொல்லிக்கறேன். அது என் பொறுப்பு. நீ அங்க இருந்து தீட்டக் காத்துக்க. பதினாறு முடியறவரைக்கும் சவரம் பண்ணாத, கறி துன்னாத. தாலி கட்டறத பாக்காத. தீட்டுக்காரன் கண்ணு முகூர்த்தத்துல படக்கூடாது."

"அம்மா, நான் எங்க அங்க வரப்போறேன்? ஃபோன்லதான."

"ஃபோன்ல பாத்தாலும் பாத்ததுதான்டா."

லீவு கிடைக்காததால் வீடியோவில் பார்ப்பதாகத்தான் ஏற்பாடு. மணவறைக்கு நேர் எதிரில் ஃபோனைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கு என்றே தங்கை ஒரு பெண்ணைத் தயார் செய்து வைத்திருந்தாள். மூன்று மாதமாக அதையே பேசிக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் நாள் பங்காளியை ஊருக்கு அனுப்பினார்கள். ஜனாஸா தொழுகை நடக்கும்போது நான் வெளியே செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றேன். பெட்டியை வண்டியில் ஏற்ற ஆள் கூப்பிட்டார்கள். காதர் அண்ணன் என்னைப் பார்த்தார். போய்த் தோள் கொடுத்தேன். அவர் எவ்வளவு கனம் என்று என் தோளுக்குத் தெரியாது, அதுவரை அவரை முழுசாக யாரும் தூக்கியதில்லை. ஏர்போர்ட்டில் கார்கோ ஆபீஸ்காரர் பேப்பரில் சீல் குத்தி, "கலாஸ்" என்று நீட்டினார். அவர் எந்த அர்த்தத்தில் சொன்னாலும் நான் என் பங்காளியின் அர்த்தத்தில் எடுத்துக்கொண்டேன். சிட்டகாங்கில் விமானம் இறங்கும்போது அங்கே தண்ணீர் ஏறுகிறதா வடிகிறதா என்று கணக்குப் பார்த்தேன். எனக்குச் சரியாக வரவில்லை.

தாடி வளர்ந்தது. சூப்பர்வைசர் ஒருநாள், "கியா ஹுவா? லவ் ஃபெயிலா?" என்று கேட்டார். ஜீ சார் என்று சொல்லிவிட்டேன்.

முந்தாநாள் கல்யாணம். அங்கே ஏழரைக்கு முகூர்த்தம், இங்கே ஆறு மணி. கம்பெனி பஸ் ஷார்ஜா போகிற டிராஃபிக்கில் நின்றிருந்தது. என் ஃபோன் அடித்தது. தங்கை நம்பர், வீடியோ கால். அம்மா அவளிடம் எதையும் சொல்லவில்லை போலிருக்கிறது. ஃபோனைத் தொடைமேல் கவிழ்த்து வைத்தேன். நின்றது. மறுபடி அடித்தது.

பக்கத்து சீட்டில் காதர் அண்ணன். "எடுப்பா, தங்கச்சி."

"பாக்கக் கூடாதுண்ணே. தீட்டு."

"எங்க ஆளு மவுத்துக்கு உனக்குத் தீட்டா?"

மூன்றாவது தடவை அடித்தபோது அண்ணன் என் தொடையிலிருந்து ஃபோனை எடுத்துத் தானே திறந்தார். நாதஸ்வரமும் மேளமும் பஸ் முழுக்கக் கேட்டது. முன் சீட்டில் தூங்கியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே ஒரு தண்ணி லாரி, அதற்கு அப்பால் பாலம்.

"பொண்ணு சிவப்பு இல்ல, ஒருமாதிரி அரக்குப் புடவ கட்டியிருக்கு" என்றார் அண்ணன், என் காதுக்குப் பக்கத்தில். "நல்லா இருக்கு. மாப்பிள்ளைக்கு வேர்க்குது. யாரோ கைக்குட்டை குடுக்குறாக. ஒங்கம்மா பின்னால நிக்குது. ஐயரு தட்டத் தூக்கிட்டுச் சுத்திக் காட்டுறாரு, எல்லாரும் தொட்டுக் கும்புடுறாக."

"ம்."

"தாலிய எடுத்துட்டாரு. மேளம் கேக்குதா?"

கேட்டது. கெட்டிமேளம். கண்ணை மூடினேன், ஜன்னலில்கூட எதுவும் தெரிந்துவிடக் கூடாது என்று.

"ஒரு முடிச்சு. ரெண்டாவது. மூணாவது அந்தப் பொம்பளப் புள்ள போடுது, அவரு தங்கச்சி போலருக்கு. முடிஞ்சுது. அரிசி போடுறாக. மாஷா அல்லாஹ்."

பின் சீட்டிலிருந்து யாரோ கை தட்டினார்கள்.

"அண்ணன் எங்க?" தங்கையின் குரல், மேளத்துக்கு நடுவில். "அண்ணன் எங்க காணோம்? நீங்க யாரு?"

"அண்ணன் இங்கதாம்மா இருக்கான். எம்பக்கத்துலதான் உக்காந்திருக்கான். எல்லாம் கேட்டுட்டுத்தான் இருக்கான்."

மேளம் மட்டும் வந்தது.

"என்னாண்ணே பண்ணுது?" என்று கேட்டேன்.

"அழுவுதுப்பா. கேமராவையே பாக்குது."

"சிரிக்கச் சொல்லுங்கண்ணே. ஃபோட்டோவுல நல்லா வராது."

காதர் அண்ணன் சொன்னார். பஸ் ஒரு அடி நகர்ந்து நின்றது. நான் தண்ணி லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சிரிக்குதா?"

"இரு, மூக்கச் சிந்துது" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆங், சிரிச்சிருச்சு" என்றார்.